அம்பலவாணன் உதிரிப்பாகமான வரலாறு

1988ஆம் ஆண்டு சித்திரை மாதம், லண்டன் கிங்ஸ்பரியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கோப்பாய் அம்பலவாணன், அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உதிரிப்பாகமாகப் பதிவு செய்யப்பட்டான். அந்தக் கிழமை வெம்பிளிக் கடைகளுக்கு முருங்கைக்காய் வந்து சேரவில்லை. ஆகையால் அங்கிருந்த தமிழ்ச் சனம் முருங்கைக்காயைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தது.

அவனிடம் இருந்த விசேஷம் ஒன்றே ஒன்றுதான். அவன் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வீட்டு வளவு அளவு தூரத்துக்கு எந்த மெசினும் சத்தம் போடாது. ஓடும், சுடும், புகைவிடும், வேலையில் ஒரு குறையும் வைக்காது. சத்தம் மட்டும் வராது. மனிதர் பேச்சும் நாய்க் குரைப்பும் மழையும் வழமைபோலக் கேட்கும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது பம்ப் ஓசையில்லாமல் இறைப்பதைக் கண்ட அயலவர்கள், அது நல்ல கம்பனிப் பம்ப் என்று நம்பித் தாங்களும் அதையே வாங்கி ஏமாந்தார்கள். 1986இல் ஹெலிகொப்டர் சுடத் தொடங்கியபோதுதான் விசேஷத்தின் மற்றப் பக்கம் தெரியவந்தது. ஹெலிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் சனம் பங்கருக்குள் இறங்குவதும், சத்தம் போனதும் வெளியே வருவதும் அந்நாள் வழக்கம். அம்பலவாணன் சந்தையில் நின்ற ஒரு காலையில் ஹெலி தாழப் பறந்து அவன் தலைக்கு மேலே வந்தது. சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டது என்று நினைத்துச் சனம் பங்கரைவிட்டு ஏறி வந்தது. வெங்காயம் விற்ற இரண்டு பேர் அங்கேயே விழுந்தார்கள். யாரும் அவனை ஏசவில்லை. செத்தவீடு முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் வந்து, குறை நினைக்க வேண்டாம், தம்பி வெளிநாடு போனால் எல்லாருக்கும் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார்கள். மற்றப் பெடியள் ஊருக்குச் சொல்லாமல் ஓடிய காலத்தில் ஊரே கூடி வழியனுப்பிய ஒரே அகதி அவன்தான்.

லண்டனுக்கு அவனோடு புதுப் பெண்சாதி தவநாயகியும் வந்தாள். தவநாயகி கதைகாரி. மாவு அரிக்கும்போதும் கதைப்பாள், ஊசியில் நூல் கோர்க்கும்போது உதட்டில் நூலை வைத்துக்கொண்டும் கதைப்பாள். கிங்ஸ்பரியில் ஒரு தபால் கந்தோருக்கு மேலே இரண்டு அறை எடுத்து, சேலைச் சட்டை தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். கீழே இருந்தவர்களுக்குத் தையல் மெசின் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. டெலிபோன் மணியும் அந்த வீட்டில் அடிப்பதில்லை என்பதால், நினைத்த நேரமெல்லாம் ரிசீவரைத் தூக்கி, ஆரும் இருக்கிறியளோ என்று கேட்டுப் பார்ப்பாள். பல நேரம் ஆரோ இருந்தார்கள்.

யோகராஜா என்ற கோப்பாய்க்காரர் பார்க் றோயலில் ஒரு பம்ப் வேர்க்ஷொப்பில் ஷிப்ட் பார்த்தார். அவர்தான் அம்பலவாணனை அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஏற்றிவிட்டார். அங்கே திருத்திப் பூட்டிய பம்புகள் கப்பலுக்குப் போகின்றன என்று மட்டும் தொழிலாளருக்குச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கப்பல் என்று கேட்பதற்குத் தடை. ஒவ்வொரு பம்பையும் மேசையில் பூட்டி ஓட்டி, சத்தமானியில் முள் ஒரு கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அநேகமாகத் தாண்டும். அம்பலவாணன் கூட்டுமாற்றோடு அந்தப் பக்கம் போன அன்று முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. பாதுகாப்பு அமைச்சிலிருந்து கோட்டுப் போட்ட நிபுணர்கள் வந்தார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். மேசையைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு கூட்டுமாற்றை ஒரு பெட்டியில் வைத்துச் சீல் போட்டுக் கொண்டுபோய்ப் பல கிழமை ஆராய்ந்து, அதன் தும்பு பற்றி ஒரு தடித்த அறிக்கை எழுதினார்கள். அம்பலவாணனுக்குப் புதுக் கூட்டுமாறு கிடைத்தது. அதற்கும் முள் படுத்தது. அதன் பிறகுதான் கூட்டுமாற்றைப் பிடித்திருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தாக்குதல் நீர்மூழ்கிக்கு அணு உலை இருக்கிறது, ஏவுகணை இருக்கிறது, மாதக்கணக்கில் தண்ணீருக்குக் கீழே இருக்க மூச்சும் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு பம்ப் முனகினால் எல்லாம் வீண். எதிரி கேட்டுவிடுவான். ஆகவே அம்பலவாணனைக் கப்பலில் வைக்க வேண்டும் என்பதில் அமைச்சுக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை. சிக்கல் அவனுடைய பின்னணியில் வந்தது. பின்னணி விசாரிக்க இரண்டு பேர் கிங்ஸ்பரிக்கு வந்து கோயிலடியிலும் கடைகளிலும் நின்றார்கள். தமிழ்ச் சனம் ஆளுக்கொரு பின்னணி கொடுத்தது. அப்பாவின் வேலிச் சண்டை, மாமியின் சீதனக் காணி, ஒன்றுவிட்ட தம்பி எந்த இயக்கம், அவன் பிறகு எந்த இயக்கத்துக்கு மாறினான் என்று நாலு பேருக்குப் போதுமான பின்னணி சேர்ந்தது. முடிவில், அந்நியன், அகதி, அந்த வழக்கும் இன்னும் முடியாதவன், யுத்தம் நடக்கும் இடத்தில் சொந்தக்காரர் உள்ளவன், இப்படி ஒருவன் அந்தக் கப்பலின் ஏணியைத் தொடவும் கூடாது என்று தீர்ப்பானது. அப்போது அமைச்சின் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர், ஆட்களுக்குத்தானே பின்னணி வேண்டும், பம்பின் பின்னணியை யார் கேட்கிறார்கள் என்றார். அந்தக் கூட்டம் அதோடு கலைந்தது.

இப்படித்தான் அம்பலவாணனுக்கு இலக்கம் கிடைத்தது. இலக்கம் பொறித்த அலுமினியத் தகடு ஒன்றை இடது மணிக்கட்டில் பூட்டினார்கள். ஈரம் படாமல் வைக்க வேண்டும், நிமிர்த்தி வைக்க வேண்டும், ஆயுட்காலம் இருபத்தைந்து வருடம் என்று தீர்மானித்தார்கள். இதையெல்லாம் சொல்லக் கொமாண்டர் ஒருவர் நேரில் வந்து, தையல் மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தார். வாடகை அமைச்சின் பொறுப்பு, இந்த வீடு இனிமேல் களஞ்சியம் என்றார். தவநாயகியின் நிலை என்ன என்று கேட்டதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டார். உதிரிப்பாகத்துக்குக் குடும்பம் கிடையாது. ஆனால் பாதுகாப்புப் பொதி உண்டு. அவளைப் பொதியாகப் பதிந்திருக்கிறார்கள்.

தவநாயகி புருஷனைப் பார்த்தாள். "என்னப்பா சொல்லுறார் இந்த மனிசன்? நான் என்ன சாக்கோ?"

"பெட்டியாயும் இருக்கலாம்" என்றான் அம்பலவாணன்.

"உங்களுக்கு விசர். ஏலாது எண்டு சொல்லுங்கோ."

அவனுக்கும் ஏலாது என்று சொல்லத்தான் விருப்பம். ஆனால் ஹரோவில் கந்தோர் வைத்திருந்த கிறிஸ்துராஜா என்ற மன்னார் வழக்கறிஞர் முதல்நாளே புத்தி சொல்லியிருந்தார். "நேவியே வந்து கேக்குது, அண்ணை. நேவிக்கு உதவி செய்த ஆளை இமிகிரேசன் திருப்பி அனுப்புமே? கண்ணை மூடிக்கொண்டு ஓமெண்டுங்கோ." கிறிஸ்துராஜா வழக்குகளில் அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். அம்பலவாணன் ஓம் என்றான். தவநாயகி அவனோடு ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த துறைமுக வாசல்வரை போனாள். அங்கே பாகத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு, பொதியைக் களஞ்சியத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். றெயினில் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவியிடம் அவள் லண்டன்வரை அழுதழுது முழுவதையும் சொன்னாள். அவ்வளவும் அரச இரகசியம். கிழவிக்கு ஒரு சொல்லும் விளங்காததால் நாட்டுக்குச் சேதம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் அவன் கடலுக்குக் கீழே போவதும் கிங்ஸ்பரிக்கு வருவதுமாக இருந்தான். அவனை இயந்திர அறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் வைத்திருந்தார்கள். கப்பல் இருப்பது கப்பலுக்கே தெரியாத அளவு ஓசையில்லாமல் ஓடியது. மீன்கள் வந்து முட்டின. திமிங்கிலம் ஒன்று செத்த சாமான் என்று நினைத்துப் பல மைல் கூடவே துக்கத்தோடு வந்தது. அந்த அமைதி மற்றவர்களுக்குப் பெருமையாகவும் அம்பலவாணனுக்குப் பயமாகவும் இருந்தது. பயத்தைப் போக்க அவன் ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பான். அவனுடைய குரல் மெசின் அல்லவே. அது கப்பலின் இரும்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போனது. ரஷ்யர் அதைக் கேட்டு, வடகடலில் புதுவகைத் திமிங்கிலம் ஒன்று பதினாறாம் வாய்ப்பாடுவரை பாடுகிறது என்று பதிந்துகொண்டார்கள். கணக்கில் ஏழாம் வாய்ப்பாட்டில் அது எப்போதும் ஒரு பிழை விடும் என்பதையும் கவனித்திருந்தார்கள்.

1991 தை மாதம் அவனுடைய கப்பல் ஒரு ரஷ்ய நீர்மூழ்கிக்குப் பின்னால், ஒரு ஒழுங்கையில் ஒருவர் பின் ஒருவர் நடக்கும் நெருக்கத்தில், நாட்கணக்கில் போனது. கப்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல மனநிலையில் இருந்த ஒரு மாலுமி, ஒலி கேட்கும் கருவியை அம்பலவாணனின் காதில் மாட்டிவிட்டான். அதற்குள் முன்னே போன கப்பல் முழுவதும் கேட்டது. ஒரு பம்ப் விக்கியது. ஒரு கதவு சாத்தியது. ஆரோ ஒருவன் தட்டைக் கீழே போட, இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நீளமாகப் போனது. பின்னால் ஒருவன் வந்துகொண்டிருப்பது தெரிந்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். கோப்பாய்ச் சந்தையில், ஹெலி போய்விட்டது என்று பங்கரைவிட்டு ஏறி வந்தவர்களும் இப்படித்தான் ஏதோ பகிடி சொல்லிக்கொண்டு வந்தார்கள். அம்பலவாணனுக்கு அவர்களுடைய முகமெல்லாம் ஞாபகம் இருந்தது. அவன் கருவியைக் கழற்றி வைத்தான். கதிரையைவிட்டு எழும்பினான். கப்பலின் நீளத்துக்கும் நடந்து போய், முன்பக்கத்தில் டோர்பிடோக்கள் அடுக்கிய அறையில் ஒன்றின்மேல் ஏறி இருந்துகொண்டான்.

அவன் போகப் போகப் பின்னால் இயந்திரங்களுக்கு ஒவ்வொன்றாக வாய் திறந்தது. மூன்று வருடம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, பஸ் டிப்போ ஒன்றைக் கடலுக்குள் இறக்கியதுபோல இரைந்தன. முன்னே போன கப்பலில் சிரிப்பு நின்றது. அது சட்டென்று திரும்பி ஆழத்துக்குள் இறங்கி மறைந்துவிட்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கப்டன் முகம் சிவக்க ஓடிவந்து ஏன் எழும்பினாய் என்று கேட்டார். இங்கிலிஷில் நீளமாக விளக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"கால் விறைச்சுப் போச்சுது" என்று காலைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்த பிறகு தவநாயகிக்கு மட்டும் உள்ளதைச் சொன்னான். அவள் தைப்பதை நிறுத்தினாள். எழும்பிப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பிறகு, "இருந்த இடத்தை விட்டு எழும்பத்தானே வேணும். கால் எண்டு இருந்தால் விறைக்கும்" என்று சொல்லிவிட்டு மீண்டும் தைத்தாள். அம்பலவாணனுக்கு அதற்குப் பிறகு நித்திரை வந்தது.

அமைச்சின் விசாரணைக் குழு, பாகம் இருந்த இடத்தைவிட்டுத் தானாக நகர்ந்தது பாரிய குறைபாடு என்றும், அதைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. எந்த இடத்தில் போல்ட் போடுவது என்பதில் வைத்தியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் இணக்கம் வரவில்லை. குழு கூடிக் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, எதிரி நாடே கலைந்து போய்விட்டது. அம்பலவாணனைக் களஞ்சியத்துக்கு, அதாவது கிங்ஸ்பரிக்கு, திருப்பி அனுப்பினார்கள்.

அவன் வந்து சேர்ந்ததும் குடிவரவு அலுவலகத்துக்கு அவனுடைய பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. அங்கே மேசைக்கு அப்பால் இருந்த அலுவலர், இத்தனை வருடமும் தொடர்ச்சியாக இந்த நாட்டில் வசித்தீரா என்று கேட்டார். அம்பலவாணன் பொய் சொல்லிப் பழகாதவன்.

"இல்லை."

"எந்த நாட்டில் இருந்தீர்?"

"தெரியாது. தண்ணிக்குக் கீழை ஜன்னல் இல்லை."

"யாருடைய கப்பல்?"

"அது சொல்ல ஏலாது."

அலுவலர் அமைச்சிடம் விசாரித்தார். அப்படி ஒரு பாகம் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. சட்டம் தெளிவாக இருந்தது. இந்த நாட்டைக் காப்பதற்காக இந்த நாட்டின் கப்பலில் இந்த நாட்டைவிட்டு வெளியே இருந்தவன், இந்த நாட்டில் தொடர்ச்சியாக இருக்கவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கிறிஸ்துராஜா மேன்முறையீடு செய்தார். வழக்குக்கு வரும் வழியில் தோர்ண்டன் ஹீத்தில் றெயின் நின்றதால் அவர் வந்து சேரவில்லை. 1994 கார்த்திகையில் இரண்டு காவலர் வந்து அம்பலவாணனைக் கொழும்பு விமானத்தில் ஏற்றக் கூட்டிப் போனார்கள்.

தவநாயகி அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். விமான நிலையத்தில் அவனைச் சுமைகளோடு சுமையாக ஒரு பக்கவாசலால் கொண்டுபோன இடத்தில் சுங்க அதிகாரி ஒருவர் நின்றார். வாழ்நாளெல்லாம் யாழ்ப்பாணத்தாரின் பெட்டிகளைக் கிளறி, கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் தவிர வேறு எதையும் கண்டுபிடித்திராத மனிதர். இந்த நாட்டைவிட்டு ஆயுதமோ ஆயுதத்தின் பாகமோ எதுவும் போகிறதா என்று அவர் ஒவ்வொரு காவலரிடமும் கேட்பார். ஒவ்வொரு காவலரும் இல்லை என்பார்கள். அன்றும் காவலர் இல்லை என்றார்கள்.

"இருக்குது!" என்று கத்தினாள் தவநாயகி. கண்ணாடிக்கு அப்பால் நின்று, பஸ்ஸிலும் கடையிலும் படித்த இங்கிலிஷ் அவ்வளவையும் திரட்டிக் கத்தினாள். "இந்த மனிசன்ரை கையைப் பாருங்கோ, ஐயா! கையைத் தூக்கிப் பாருங்கோ!"

அதிகாரி கையைத் தூக்கி அலுமினியத் தகட்டைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். அவருடைய முகத்தில் பெரும் மீனைப் பிடித்தவனின் அமைதி வந்தது.

"இது எங்கே போகிறது?"

"கொழும்புக்கு" என்றார்கள் காவலர்.

"யுத்தம் நடக்கும் நாட்டுக்கு, அணுசக்தி நீர்மூழ்கியின் பாகத்தை, அனுமதிப் பத்திரம் இல்லாமல்?"

இது ஒரு மனிதன் என்று காவலர் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு ஏதும் அத்தாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். இருந்த கடவுச்சீட்டு காலாவதியானது. தகடு காலாவதியாக இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தது. அம்பலவாணன் இரண்டு பக்கத்தாரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆனால் தன்னைச் சாமான் என்று சொன்னவருக்குக் கைகூப்ப நேர்ந்தது நெஞ்சில் ஒரு பக்கம் உறுத்தியது. கூப்பினான். அவர் அதைக் கவனிக்காமல், பாகத்தைத் தூசிபடாமல் கொண்டுபோகும்படி பொதியிடமே ஒப்படைத்தார். தவநாயகி அவனுடைய கையைப் பிடித்த பிடியை பஸ்ஸில் ஏறியும் விடவில்லை.

குடிவரவு அலுவலகம் விடவில்லை. அம்பலவாணனைக் கொழும்புக்கு ஏற்றுமதி செய்ய முறைப்படி அனுமதி கேட்டது. வர்த்தகப் பகுதி, அங்கே இதைப் பாவிக்கப் போவது யார் என்று கேட்டது. கொழும்பிடம் விசாரித்தபோது, தங்களிடம் நீர்மூழ்கி ஒன்றும் இல்லை, ஒன்று தந்தால் பாகத்தையும் ஏற்கலாம் என்று பதில் வந்தது. நோக்கம் சந்தேகத்துக்கு இடமானது என்று வர்த்தகப் பகுதி அனுமதியை மறுத்தது. அடுத்த வருடமும் கேட்டார்கள். அடுத்த வருடமும் மறுத்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று அம்பலவாணன் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவனால் ஆபத்து வரும் என்றதும் ஒரே நாளில் எல்லாரும் நம்பினார்கள். அவனைப் பார்த்துச் சிலர் தங்களுக்கும் அப்படி ஒரு தகடு எடுத்துத் தரமுடியுமா என்று கிறிஸ்துராஜாவிடம் கேட்டு வந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், உங்களிட்டை என்ன சத்தம் நிக்கும் என்று உண்மையாகவே கேட்டுப் பார்த்தார்.

1996இல் பக்கத்து வீட்டுக்கு ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரர் தனியாகக் குடிவந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவருடைய கேத்திலும் துணி துவைக்கும் மெசினும் காரும் ஒரே நாளில் ஊமையானதை அவர் முறையிடவில்லை. வயதானால் காது கேட்காது என்று தெரிந்து வைத்திருந்தார். மெசின் சத்தம் எல்லாம் போனதால் சுவருக்கு இந்தப் பக்கம் தவநாயகி கதைப்பது மட்டும், காலையிலிருந்து விளக்கு அணைக்கும்வரை, அவருக்கு எழுத்தெழுத்தாகக் கேட்டது. அதைத்தான் முறையிட்டார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் கருவியோடு வந்து அளந்து, சட்டத்துக்கு உட்பட்ட அளவுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். அவர் அதற்குப் பிறகு முறையிடவில்லை. மூன்று வருடம் அப்படியே போனது.

1999 மாசியில் தவநாயகிக்குக் காய்ச்சலோடு தொண்டை கட்டிவிட்டது. சுடுதண்ணிப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அம்பலவாணன் அடுக்களையில் கஞ்சி காய்ச்சுவதில் உள்ள பிழைகளைக் கையால் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாம் நாள் பின்னேரம் ஹார்ப்பர் வந்தார். அழைப்பு மணி அடிக்காது என்பது அவருக்குத் தெரியும். கதவைக் கையால் தட்டினார். அம்பலவாணன் திறந்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தேன் போத்தலை நீட்டினார்.

"இரண்டு நாளாச் சத்தத்தைக் காணேல்லை, தம்பி" என்றார், சுத்தமான கோப்பாய்த் தமிழில். "மனிசிக்குச் சுகமில்லையோ?"

"தொண்டை கட்டிப் போச்சுது."

"அதுதான் பாத்தன். வெள்ளிக்கிழமை சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில விட்டிட்டா." கொஞ்சம் தயங்கினார். "உந்தத் தவமலற்றை கலியாணம் கடைசியில நடந்ததோ, இல்லையோ?"

"நடந்தது" என்றான் அம்பலவாணன். "உள்ளுக்கு வாங்கோ. கஞ்சி இருக்கு."

ஹார்ப்பர் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில் இறங்கி வந்தார்களா என்று கேட்டுக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டார்.